குழாய் இல்லாத கழிவு: ஆறுகளும் கழிமுகங்களும் மாசடையும் வழிகள்

ஆற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில்தான் கண்ணில் படுகிறது. இரவோடு இரவாக யாரோ கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று கரையில் நிற்பவர்கள் உடனே முடிவுகட்டிவிடுவார்கள். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். பல நேரங்களில் நடந்தது வேறாக இருக்கும். பகலில் நீரிலுள்ள பாசி ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி, மீன்களோடும் நுண்ணுயிரிகளோடும் போட்டியிட்டு அந்த ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்துபோகும் நேரம், பொழுது புலர்வதற்குச் சற்று முன்பு. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும்; அது 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்களுக்குப் பிழைக்க வழியில்லை. பாசியை அந்த அளவுக்குக் கொழுக்கவைத்த நைட்ரஜனும் பாஸ்பரசும் பல வாரங்களுக்கு முன்பு, பல நூறு கிலோமீட்டர் மேலே, ஒரு மழை நாளில் ஆற்றில் இறங்கியவையாக இருக்கலாம். மீன் செத்த இடத்தில் தேடினால் குற்றவாளி அகப்படமாட்டார்.

ஆற்று மாசைப் பற்றிய பேச்சும் சட்டமும் நெடுங்காலமாகக் குழாயைச் சுற்றியே வளர்ந்திருக்கின்றன. ஆலையின் பின்புறத்திலிருந்து நீளும் குழாய்க்கும், நகரத்தின் கழிவைக் கொண்டுவந்து கொட்டும் வாய்க்காலுக்கும் ஒரு முகவரி உண்டு, ஓர் உரிமையாளர் உண்டு, மாதிரி எடுத்து அளக்க ஓர் இடம் உண்டு. இவற்றைப் புள்ளி மூலங்கள் என்று துறைசார்ந்தவர்கள் குறிப்பிடுகிறார்கள். வயல், சாலை, கட்டுமான மனை, கால்நடைப் பண்ணை என நிலப்பரப்பு முழுவதிலிருந்தும் மழையோடு வழிந்து வருபவை பரவல் மூலங்கள். குழாய்களைப் பெருமளவு கட்டுக்குள் கொண்டுவந்த நாடுகளில்கூட ஆறுகள் எதிர்பார்த்தபடி தேறவில்லை என்பதுதான் கடந்த சில பத்தாண்டுகளின் அனுபவம். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் நீர்க் கொள்கைக்கான பொதுச்சட்டத்தைக் கொண்டுவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அங்குள்ள மேற்பரப்பு நீர்நிலைகளில் நல்ல சூழலியல் நிலையில் இருப்பவை ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை. ஆற்றின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் கரை மட்டுமன்று, அதற்கு நீர் கொடுக்கும் நிலம் முழுவதுமே என்ற எளிய உண்மையைச் சட்டங்கள் மிகத் தாமதமாகவே ஏற்றுக்கொண்டன.

இருந்தாலும் சாக்கடையில் தொடங்குவதே முறை. உலகின் பெரும்பகுதிக்கு முதல் மாசு இன்றும் அதுதான். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வீடுகளிலிருந்து வெளியேறிய கழிவுநீரில் சுமார் 58 விழுக்காடு மட்டுமே பாதுகாப்பாகச் சுத்திகரிக்கப்பட்டது என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. இந்தக் கழிவுநீர் இரண்டு விதமாகக் கேடு செய்கிறது. காலரா, டைபாய்டு போன்ற நோய்களின் கிருமிகளைச் சுமந்து வருவது எல்லோரும் அறிந்தது. அதிலுள்ள கரிமப் பொருள்களைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகி, ஆற்றின் ஆக்சிஜனைக் காலிசெய்வது இரண்டாவது. இந்தப் பசியை அளக்கும் அளவுகோல்தான் பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. நீர் மாதிரியை 20 டிகிரி வெப்பநிலையில் 5 நாள் இருட்டில் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்ப்பது வழக்கமான முறை. தூய ஆற்றில் லிட்டருக்கு 2 அல்லது 3 மில்லிகிராமாக இருக்கும் இந்த அளவு, சுத்திகரிக்கப்படாத வீட்டுச் சாக்கடையில் 200 முதல் 300 வரை இருக்கும். கழிவுநீர் அகற்றலை ஆராய்ந்த பிரிட்டனின் அரச ஆணையம் 1912இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கை, ஆற்றில் விடும் நீரில் பி.ஓ.டி. 20 மில்லிகிராமையும் மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்று வரையறுத்தது. பல நாடுகளின் தர வரம்புகள் இந்த எண்களிலிருந்து கிளைத்தவை. ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு தூய நீர் ஓடி அந்தக் கழிவைக் கரைத்துக்கொள்ளும் என்ற நிபந்தனையின் பேரில்தான் ஆணையம் அந்த எண்களைச் சொன்னது. அவற்றைக் கடன் வாங்கிய நாடுகளில் பல, எண்களை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டன.

கழிவு விழும் இடத்திலேயே ஆக்சிஜன் அற்றுப்போவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பாக்டீரியாக்கள் பெருகிக் கழிவைச் சிதைக்க நேரம் பிடிக்கிறது, அதற்குள் நீர் கீழே நகர்ந்துவிடுகிறது. எனவே மிக மோசமான நிலை குழாயடியில் தென்படாமல், பல கிலோமீட்டர் கீழே, சில வேளைகளில் அடுத்த ஊரின் எல்லைக்குள் தென்படுகிறது. அதற்கும் கீழே காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைந்து ஆறு மெல்ல மீள்கிறது. ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்து, இந்தச் சரிவையும் மீட்சியையும் 1925இல் ஒரு சமன்பாடாக எழுதினார்கள். ஆறு தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. மீள்வதற்கு வேண்டிய தூரம் முடிவதற்குள் அடுத்த நகரத்தின் சாக்கடை வந்து சேர்ந்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இரண்டாவது ஊரின் கழிவு ஏற்கெனவே மூச்சிழந்த நீரில் விழும்.

சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் நகரங்களிலும் ஒரு பழைய குறை தொடர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பல நகரங்களில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே பாதாளக் குழாய்தான். பெருமழையில் குழாய் நிரம்பினால், வீடுகளுக்குள் எதிர்த்து வராமலிருக்க, கலந்த நீர் நேரடியாக ஆற்றில் வழியும்படியே அது வடிவமைக்கப்பட்டது. லண்டன் 1858 கோடையில் தேம்ஸின் நாற்றத்தைத் தாங்கமாட்டாமல் கட்டிய அமைப்பும் அப்படிப்பட்டதே. அந்த வழிதலைப் பிடித்துவைக்க அந்த நகரம் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றை ஒட்டிப் புதிய சுரங்கம் ஒன்றைத் தோண்டி, 2025இல்தான் முழுமையாக இணைத்து முடித்தது.

சுத்திகரிப்பு நிலையம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைத்தான் செய்யும். மலத்தையும் கரிமக் கழிவையும் சிதைக்க வடிவமைத்த தொட்டியில் மருந்துகள் பெரும்பாலும் சிதையாமலே கடந்துபோகின்றன. 104 நாடுகளில் 258 ஆறுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, மாதிரி எடுத்த இடங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் ஏதாவதொரு மருந்து நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பான அளவை மீறியிருந்ததைக் காட்டியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம் அளவில் மூன்று ஆண்டுகள் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்தன. அந்தச் சிறு மீன் இனம் ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. இவ்வளவு சிறிய அளவை எந்தச் சாதாரண நீர்ச் சோதனையும் காட்டிக்கொடுக்காது.

தொழிற்சாலைக் கழிவைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அதில் திரும்பத் திரும்ப மறக்கப்படுவது, கரைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்ற வாதம் எங்கே உடைகிறது என்பதுதான். ஜப்பானின் மினமாட்டாவில் சிசோ நிறுவனத்தின் அசிட்டால்டிஹைடு ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டது. கடல் பெரியது, கழிவு சிறியது. ஆனால் அந்தக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் உயிரணுக்களில் தங்கிவிடும் பொருள். நுண்ணுயிரியிலிருந்து சிப்பிக்கும், சிப்பியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பூனைக்கும் மனிதருக்கும் போகும் ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடிக்கொண்டே போனது. அந்த மீனை உண்டவர்களைத் தாக்கிய நரம்பு நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது 1956இல். ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். நீரில் கரையும் பொருளை உயிர்கள் மீண்டும் திரட்டிக்கொள்ளும் என்றால், நீரின் பரப்பு எவ்வளவு பெரிது என்ற கேள்விக்குப் பொருளே இல்லை.

விதிமுறைகளிலும் இதே ஓட்டை வேறு வடிவில் இருக்கிறது. பெரும்பாலான உரிமங்கள் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று செறிவுக்குத்தான் வரம்பு வைக்கின்றன. தூய நீரைக் கலந்து வெளியேற்றினால் செறிவு குறையும், ஆற்றில் சேரும் மொத்தச் சுமை ஒரு கிராம்கூடக் குறையாது. ஒரே கரையில் இருபது ஆலைகள் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்தாலும், இருபதின் கூட்டுத்தொகையை ஆறு தாங்குமா என்ற கேள்வி எந்த ஒரு ஆலையின் உரிமத்திலும் எழுவதில்லை.

விபத்துகள் இன்னொரு வாயில். சுவிட்சர்லாந்தில் பாசலுக்கு அருகே 1986 நவம்பர் 1 அன்று சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது, ரைன் ஆற்றை நஞ்சாக்கியது தீயை அணைக்கப் பீய்ச்சிய தண்ணீர்தான். அது பூச்சிக்கொல்லிகளைக் கழுவிக்கொண்டு ஆற்றில் இறங்க, நீர் சிவந்தது, பெருந்தொலைவுக்கு விலாங்கு மீன்கள் மாண்டன. கிடங்கிலிருந்து வெளியேறும் நீரைத் தேக்கிவைக்கப் போதுமான தொட்டி அங்கே இல்லை. சுரங்கங்களின் கதை இதற்கு நேர்மாறாக மெதுவானது. தோண்டிப் போட்ட பாறையிலுள்ள பைரைட் என்ற இரும்பு சல்பைடு, காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறுகிறது. அமிலம் பாறையிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் கரைத்து ஓடையில் சேர்க்கிறது. சுரங்கத்தை மூடினாலும் இது நிற்பதில்லை. நிறுவனம் கலைந்துபோன பிறகு பல தலைமுறைகளுக்கு அமிலம் ஒழுகிக்கொண்டிருக்கும் இடங்கள் உலகில் நிறைய உண்டு.

பரவல் மூலங்களில் முதன்மையானது வேளாண்மை. வயலில் இட்ட உரத்தில் பயிர் எடுத்துக்கொண்டது போக மீதி இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. நைட்ரேட் நீரில் எளிதில் கரையும். மண்ணின் களித்துகள்களும் அதே மின்னேற்றம் உடையவை என்பதால் அவை அதைப் பிடித்துவைப்பதில்லை. ஆகவே அது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர் வழியாக ஆற்றுக்குச் செல்கிறது. பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்துகளோடு ஒட்டிக்கொள்கிறது. பெருமழையில் மேல்மண் அரித்துக்கொண்டு போகும்போது அதுவும் கூடவே போகிறது. ஆண்டு முழுவதும் சேரும் பாஸ்பரசில் பெரும்பங்கு ஒரு சில மழை நாட்களில் மட்டும் ஆற்றுக்கு வந்துவிடக்கூடும். மாதம் ஒரு முறை குறித்த தேதியில் மாதிரி எடுக்கும் அலுவலர் அந்த நாட்களைத் தவறவிடுவது ஏறக்குறைய உறுதி. அப்படித் தயாராகும் அட்டவணைகளில் பரவல் மாசு சிறியதாகத் தெரிவதில் வியப்பில்லை.

இதன் அளவைக் காட்ட மிசிசிப்பி ஆற்றுப் படுகையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அமெரிக்காவின் தொடர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 41 விழுக்காட்டின் நீரை, 31 மாநிலங்களிலிருந்து, அது மெக்சிகோ வளைகுடாவுக்குக் கொண்டுசேர்க்கிறது. மேற்கு மத்திய மாநிலங்களின் மக்காச்சோள வயல்களில் இளவேனிலில் இட்ட நைட்ரஜன் கோடையில் வளைகுடாவைச் சேர்கிறது. அங்கே நுண்பாசி பெருகி, மடிந்து அடியில் வீழ்ந்து அழுகும்போது, அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. இலேசான நன்னீர் மேலே போர்வையாகக் கிடப்பதால் காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் கீழே இறங்குவதும் தடைபடுகிறது. 2017இல் இந்த மூச்சற்ற பகுதி சுமார் 22,700 சதுர கிலோமீட்டராக அளக்கப்பட்டது. அங்கே அளவீடு தொடங்கியதிலிருந்து அதுவே மிகப் பெரியது. இதில் எந்த உழவரும் தனியாகக் குற்றவாளி ஆகமாட்டார். 1972இல் இயற்றிய தூய நீர்ச் சட்டத்தின் கீழ் ஆலைகளும் நகராட்சிகளும் உரிமம் பெற்றாக வேண்டும். வயலிலிருந்து வடியும் மழைநீரையும் பாசன வடிநீரையும் பிற்காலத் திருத்தங்கள் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கிவிட்டன. வேளாண் குடிகளின் வாக்கு வலிமை அதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. அளப்பது கடினம் என்பதும் உண்மையான காரணமே.

நகரத்து மழைநீரும் அப்பாவி அன்று. சாலையில் படிந்த எண்ணெய், பிரேக் கட்டையிலிருந்து உதிரும் செம்பு, டயர்த் தூள், நாய்க் கழிவு, கட்டுமான மண் எல்லாம் முதல் மழையின் முதல் சில நிமிடங்களில் திரண்டு வடிகாலில் இறங்குகின்றன. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இலையுதிர் கால மழைக்குப் பிறகு, முட்டையிட ஓடையேறி வந்த கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடாமலே செத்துப்போவது பல ஆண்டுகளாகப் புதிராக இருந்தது. 2020இல் விடை கிடைத்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து குயினோன் வகையைச் சேர்ந்த வேறொரு வேதிப்பொருளாக மாறுகிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே கோஹோ மீனைக் கொல்லப் போதும். பல பத்தாண்டுகளாக உலகச் சாலைகள் எங்கும் தேய்ந்துகொண்டிருந்த பொருளின் இந்த விளைவு எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. மாசுப் பட்டியலில் இல்லாததை யாரும் சோதிப்பதில்லை. சோதிக்காதது பட்டியலுக்குள் நுழைவதும் இல்லை.

காற்றும் ஒரு மூலம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வாகனப் புகையிலிருந்தும் மின் நிலையங்களிலிருந்தும் வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், கால்நடைச் சாணத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மழையோடும் தூசியோடும் திரும்ப இறங்குகின்றன. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவைச் சேரும் நைட்ரஜனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வான்வழி வருவதாக அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டிருக்கிறது.

இவை அனைத்தும் கடைசியில் கூடும் இடம் கழிமுகம். ஆற்று நீர் கடலில் கலந்து போய்விடும் என்று நினைப்பது இயல்பு. கழிமுகத்தின் இயக்கம் அந்த எண்ணத்துக்கு எதிரானது. ஓதம் ஏறும்போது நீர் உள்ளே தள்ளப்படுகிறது, வற்றும்போது வெளியே இழுக்கப்படுகிறது. கோடையில் ஆற்று வரத்து குறைந்துவிட்டால், ஒரு வாளி கழிவு வாரக்கணக்கில் அதே சில கிலோமீட்டருக்குள் முன்னும் பின்னும் போய்வரும். மேலும், ஆற்றில் மிதந்துவரும் நுண்ணிய களித்துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றம் உடையவை. உப்பு நீர் பட்டதும் அந்த விலக்கம் தளர்ந்து, துகள்கள் திரளாக ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் ஈயம், பாதரசம், பூச்சிக்கொல்லி எல்லாம் கூடவே படிகின்றன. மீன் குஞ்சுகளும் இறால்களும் நண்டுகளும் வளர்வது இந்தச் சேற்றில்தான்.

கழிமுகத்துக்கு வேதியியலிலும் ஒரு தனித்தன்மை உண்டு. நன்னீரில் பாசி வளர்ச்சியைப் பெரும்பாலும் பாஸ்பரஸ் கட்டுப்படுத்துகிறது, கடல் நீரில் பெரும்பாலும் நைட்ரஜன். பாஸ்பரசை மட்டும் நீக்கும் சுத்திகரிப்பு நிலையம் தன் ஊர் ஆற்றைப் பாசிப் பெருக்கத்திலிருந்து காப்பாற்றிவிடும். அங்கே பாசி எடுத்துக்கொள்ளாத நைட்ரஜன் அப்படியே கீழே சென்று கடலோரத்தில் அதே வேலையைச் செய்யும். ஆற்றுக்கு ஒரு துறை, கடலோரத்துக்கு வேறொரு துறை என்று நிர்வாகம் பிரிந்திருக்கும் நாட்டில், முதல் துறையின் வெற்றி இரண்டாவது துறையின் தொல்லையாக வந்து நிற்கும்.

துறைமுகங்களும் கப்பல்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. கப்பலின் அடிப்பகுதியில் சிப்பிகளும் கொட்டலசுகளும் ஒட்டாமலிருக்கப் பூசிய வண்ணப்பூச்சில் கலந்த டிரைபியூட்டைல் டின் என்ற நச்சுப்பொருள், பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே 1970களின் இறுதியில் முடக்கியது; உலகளாவிய தடை நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. எண்ணெய்க் கப்பல் விபத்துகளும் 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த கிணற்று வெடிப்பும் செய்தியில் பெரிதாக வருகின்றன. அன்றாடம் சாலைகளிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வழிந்து கடலைச் சேரும் எண்ணெய்க்குச் செய்தி மதிப்பு இல்லை. பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, ஒரு சில பேராறுகளே குற்றவாளிகள் என்ற கருத்தை 2021இல் வெளியான கணக்கீடு மாற்றியது. ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 80 விழுக்காடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறது, அவற்றுள் நகரங்களின் ஊடே ஓடும் சிற்றாறுகள் முக்கியமானவை என்று அது காட்டியது.

மாசு என்பது ஒரு விகிதம் என்பதால், நீரை எடுப்பதும் மாசுபடுத்துவதே. மேலே அணை கட்டிப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் முழு வரத்தையும் திருப்பிவிட்டால், கோடையில் கீழே ஓடுவது சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்றம் மட்டுமே. எட்டு மடங்கு தூய நீர் என்ற 1912இன் நிபந்தனை அப்போது நினைவுக்கு வரவேண்டும். தேங்கிய நீர் சூடேறும். 25 டிகிரியில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் தாங்கிய நீர் 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5தான் தாங்கும். அனல் மின் நிலையத்தின் குளிர்விப்பு நீரும் அங்கேயே விடப்பட்டால் நிலைமை இன்னும் இறுகும். இந்தக் கணக்கில் நீர்ப்பாசனத் துறையும் ஒரு மாசு மூலம்தான், ஆனால் அதற்கு எந்தக் கட்டுப்பாட்டு வாரியமும் அறிவிக்கை அனுப்புவதில்லை.

கடைசியாக, மூலங்களுள் சில ஏற்கெனவே மூடப்பட்டவை. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகள் 1977 வரை முப்பது ஆண்டுகள் விட்ட பிசிபி என்ற மின்காப்பு எண்ணெய்க் கழிவு அடிவண்டலில் தங்கி, அங்கிருந்து மீன்களுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வண்டலை வாரியெடுக்கும் பணி 2009இல் தொடங்கி 2015இல் முடிந்தது. நைட்ரேட்டின் காலக்கணக்கும் இப்படிப்பட்டதே. நிலத்தடியில் ஊறி ஆற்றை அடைய அது சில ஆண்டுகளும் எடுத்துக்கொள்ளலாம், சில பத்தாண்டுகளும் எடுத்துக்கொள்ளலாம். இன்று ஓர் ஊற்றில் அளக்கப்படும் நைட்ரேட் முந்தைய தலைமுறை உழவர் இட்ட உரமாக இருக்கக்கூடும். இன்று குறைக்கப்படும் உரத்தின் பலன் இன்றைய அலுவலர் ஓய்வு பெற்ற பிறகே அட்டவணையில் தெரியக்கூடும். ஐந்தாண்டுத் திட்டங்களின் முடிவில் எண்கள் இறங்கவில்லை என்று காரணம் காட்டி நிதியை நிறுத்துவதற்கு முன், அந்தப் படுகையில் நிலத்தடி நீரின் வயது என்ன என்று கேட்டறிவது அவசியம். ஐசோடோப்புகளைக் கொண்டு அதைக் கணிக்கும் முறைகள் நெடுங்காலமாகவே நீரியலாளர்களிடம் இருக்கின்றன.